பழைய பெட்ரோல் கார்: பி0171, பி0420 இரண்டும் சேர்ந்து வருகிறது, ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா?

திண்டுக்கல்_ஓட்டி

வணக்கம் நண்பர்களே. 2014 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். ஓடோமீட்டர் 90,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. வாங்கும்போது டாஷ்போர்டில் எந்த லைட்டும் எரியவில்லை, ஓட்டிப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து கொஞ்ச நாள் ஊருக்குள் ஓட்டிய பிறகு செக் இன்ஜின் லைட் வந்துவிட்டது. சிமிட்டவில்லை, நிலையாக எரிகிறது.

ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தேன். பி0171, பி0420, பி0562 என்று மூன்று கோடு காட்டுகிறது. தேடிப் படித்ததில் முதலாவது கலவை லீன், அதாவது காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்றும், இரண்டாவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் (புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) திறன் குறைவு என்றும், மூன்றாவது வோல்டேஜ் குறைவு என்றும் போட்டிருக்கிறது. பட்டறையில் காட்டினேன். கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இரண்டையும் மாற்றுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் கன்வர்ட்டரும் போய்விட்டது என்று அர்த்தம் என்கிறார்கள். கன்வர்ட்டர் விலையைக் கேட்ட பிறகு வண்டி வாங்கிய சந்தோஷமே போய்விட்டது.

வேறு என்ன கவனித்தேன் என்றால், நகருக்குள் மைலேஜ் 11ஐத் தாண்டவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது, இன்ஜின் சூடானதும் அடங்கிவிடுகிறது, அது டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம்தான் பயப்படாதீர்கள் என்றார்கள். ஐடிலிங் சீராகத்தான் இருக்கிறது. பிக்கப்பிலும் பெரிய குறை இல்லை. சென்சார் வாங்கிவிடலாமா, வேறு ஏதாவது முதலில் பார்க்க வேண்டுமா?

சேலம்_1200சிசி

எனக்கும் பி0171 வந்தது ப்ரோ. முன் சென்சாரை மாற்றினேன், அதோடு லைட் போனது, இன்று வரை வரவில்லை. 90,000 ஓடிய சென்சார் எப்படியும் ஆயுள் முடியும் நிலையில்தான் இருக்கும், மாற்றிவிடுங்கள். ஒரிஜினல் வாங்குங்கள், கனெக்டரை வெட்டி ஒட்டுகிற யுனிவர்சல் சென்சார் பக்கம் போகாதீர்கள்.

ஸ்பேனர்14

தம்பி, ஒரு ரூபாய் கூட செலவு செய்யாமல் கொஞ்சம் பொறுங்கள். முதல் வேலை, அந்தக் கோடுகளை அழித்துவிடாதீர்கள். ஸ்கேனர் கையில் கிடைத்ததும் எல்லோரும் கிளியர் பட்டனைத்தான் அழுத்துகிறார்கள், அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடுகிறது. கோடு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி நின்றதா ஓடியதா, ஃபியூயல் ட்ரிம் (வழக்கமான அளவிலிருந்து பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த பதிவு அது. கோடு எண்ணைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

எரர் கோடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. கம்ப்யூட்டர் எதைப் பார்த்தது என்று மட்டும்தான் சொல்கிறது. பி0171 என்றால் "முன் ஆக்சிஜன் சென்சார் காட்டுவதை நம்பி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன், இன்னும் லீன் என்றே காட்டுகிறது, இதற்கு மேல் கூட்ட முடியாது" என்று பொருள். அதற்குக் காரணம் வேக்கம் லீக்காக, அதாவது இன்டேக் பக்கம் ஓட்டை வழியாகக் காற்று நுழைவதாக இருக்கலாம், பெட்ரோல் பம்ப்பில் அழுத்தம் குறைந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், சைலன்சர் பக்கம் ஓட்டை இருக்கலாம், கடைசியாக சென்சாரும் இருக்கலாம். சென்சாரின் ஹீட்டரோ வயரோ போயிருந்தால் அதற்கென்றே பி0135 மாதிரி தனிக் கோடு உண்டு, உங்களுக்கு அது வரவில்லை. சேலம் நண்பருக்கு சென்சார்தான் காரணமாக இருந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சோதிக்காமல் மாற்றுவது இன்னொருவர் வாங்கிய மாத்திரையை நாம் விழுங்குவது போலத்தான்.

கோடு எண்ணைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு உதவும். முதல் எழுத்து பி என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பகுதி. பி0171இல் வரும் பி வேறு, பாடி சம்பந்தப்பட்ட ஏர்பேக், ஏசிக்கு வரும் பி வேறு, தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகத் தெரியும், ஸ்கேனரில் எந்த ஆங்கில எழுத்து என்று பார்த்துக் கொள்ளுங்கள். யு என்றால் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சு அறுந்திருக்கிறது. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு, அதற்கு ஆப் காட்டும் விளக்கத்தை நம்பாதீர்கள், வேறு கம்பெனியின் விளக்கத்தை எடுத்துப் போட்டிருக்கும். மூன்றாவது இடத்தில் 1 வந்தால் காற்று, எரிபொருள் அளவு. 3 வந்தால் தீப்பொறி, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு.

உங்கள் மூன்று கோடில் பி0562ஐ ஓரம் வையுங்கள். பழைய பேட்டரி பலவீனமாக இருந்து ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் விழுந்தாலே அது பதிவாகும். பேட்டரியை மாற்றிய பில் வண்டியோடு வந்ததா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.5இல் இருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது, அதை மறந்துவிடலாம்.

பி0420ஐயும் இப்போதைக்குத் தொட வேண்டாம். கன்வர்ட்டருக்கு முன்னால் ஏதாவது கோளாறு இருக்கும்போது கன்வர்ட்டரைப் பற்றி வரும் கோடை நம்பி முடிவெடுக்கக் கூடாது. முதலில் பி0171, அது தீர்ந்த பிறகுதான் மற்றது.

எனக்கு வேண்டியது இவ்வளவு. ஃப்ரீஸ் ஃப்ரேமில் என்ன இருக்கிறது? இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு முறை, ஷார்ட் டெர்ம் (அந்தந்த நொடித் திருத்தம்), லாங் டெர்ம் (நாளடைவில் கற்று வைத்த திருத்தம்) ட்ரிம் இரண்டையும் எழுதுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் வயர் மாட்டிய சென்சார் இருக்கிறதா, இல்லை இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் சின்ன மேப் சென்சார் இருக்கிறதா? பிளக் நாலையும் கழற்றி நிறத்தைப் பாருங்கள்.

இதற்கிடையில் லைட் நிலையாக எரியாமல் சிமிட்ட ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும் என்பதற்கான எச்சரிக்கை அது. அந்த நிலையில் ஓட்டினால்தான் கன்வர்ட்டர் உண்மையிலேயே போகும்.

திண்டுக்கல்_ஓட்டி

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கோடை அழிக்கவில்லை. எடுத்த அளவுகள் இதோ.

ஃப்ரீஸ் ஃப்ரேம் பி0171க்கு: 780 ஆர்பிஎம், கூலன்ட் 91 டிகிரி, வேகம் 0, லாங் டெர்ம் ட்ரிம் +21. ஆக நின்று கொண்டிருக்கும்போது பதிவாகியிருக்கிறது.

இப்போது சூடான இன்ஜினில், ஐடிலில் லாங் டெர்ம் +19, ஷார்ட் டெர்ம் +4 பக்கம். 2500இல் லாங் டெர்ம் +6, ஷார்ட் டெர்ம் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஆடுகிறது. காற்றுக் குழாயில் வயர் மாட்டிய சென்சார் எதுவும் இல்லை, மேனிஃபோல்டில் மேப் சென்சார் இருக்கிறது. அதன் அளவு ஐடிலில் 33 கிலோ பாஸ்கல். பேட்டரி மாற்றிய பில் இருக்கிறது, விற்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மாற்றியிருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட்.

பிளக் கழற்றியதில்தான் எனக்குக் குழப்பம். நாலுமே கறுப்பாக, கரி படிந்தது போல இருக்கிறது. பெட்ரோல் குறைவு என்று கோடு சொல்கிறது, குறைவாக இருந்தால் பிளக் வெளுத்துத்தானே இருக்க வேண்டும்?

சேலம்_1200சிசி

ஐடிலில் அதிகம், ஆர்பிஎம் ஏறினால் குறைகிறது என்றால் அது வேக்கம் லீக்தான். இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டு போகும் குழாய்) எல்லாவற்றிலும் கார்ப் கிளீனர் அடித்துப் பாருங்கள், எங்கே அடிக்கும்போது ஆர்பிஎம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஸ்பேனர்14

வழக்கமாக அப்படித்தான் சொல்வார்கள், காற்றை நேரடியாக அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில் அது சரியும் கூட. சென்சாரைத் தாண்டி உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது, அதனால் லீன். இது மேப் சென்சார் வண்டி. ஓட்டை வழியாக வரும் காற்றும் மேனிஃபோல்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அந்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைப் போடுகிறது, ஆகவே லீக்காகி வந்த காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் போய்விடும். இப்படிப்பட்ட வண்டியில் வேக்கம் லீக் இருந்தால் ஐடில் ஏறும், அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டும். இவருக்கு 33 கிலோ பாஸ்கல், 780 ஆர்பிஎம், இரண்டும் நல்ல இன்ஜினின் அளவு. பெட்ரோல் பம்ப்பும் இல்லை, அழுத்தம் குறைந்தால் ஆர்பிஎம்மும் சுமையும் ஏற ஏறத்தான் ட்ரிம் கூடும், இங்கே குறைகிறது.

கார்ப் கிளீனர் அடிப்பதையும் தவிருங்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் பட்டால் தீப்பிடிக்கும், தேவையில்லாத ஆபத்து.

தம்பி, பிளக் நிறத்தில் உங்களுக்கு வந்த குழப்பம்தான் இதில் சாவி. சிலிண்டருக்குள் பெட்ரோல் அதிகமாக எரிந்திருக்கிறது என்று பிளக் சொல்கிறது. சைலன்சரில் இருக்கும் சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்க ஒரே வழிதான், எரிந்து முடிந்த பிறகு, சென்சாருக்கு முன்னால், வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களில் இருந்து வரும் புகையைச் சேர்க்கும் குழாய்) கேஸ்கெட் ஊதியிருக்கலாம், மேனிஃபோல்டில் விரிசல் இருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் ஒன்று ஒடிந்திருக்கலாம். புகை வெளியே வருவது மட்டும்தான் லீக் என்று நினைப்போம், ஆனால் எக்ஸாஸ்ட் புகை துடிப்பு துடிப்பாகப் போகிறது, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் குறையும், அப்போது ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சும். ஐடிலில் புகையின் அளவே குறைவு என்பதால் அந்தக் கொஞ்சக் காற்று பெரிதாகத் தெரிகிறது, ஆர்பிஎம் ஏறினால் அதன் பங்கு சுருங்கிவிடுகிறது. கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் கொட்டுகிறது, மைலேஜ் போகிறது, பிளக் கறுக்கிறது.

அப்புறம் அந்த டேப்பட் சத்தம். குளிரில் டிக் டிக், சூடானதும் நிற்கிறது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியைக் குறைத்துக் கொள்வதால் எக்ஸாஸ்ட் லீக் அப்படியே நடந்து கொள்ளும், கேட்பதற்கும் டேப்பட் மாதிரியே இருக்கும்.

காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் வைத்து, மேனிஃபோல்டின் ஹீட் ஷீல்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கறுப்புக் கோடு இழுத்தது போலக் கரி இருந்தால் அதுதான் இடம். தெரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், சூடாவதற்குள் நுரை கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஒருவர் ஈரத் துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இதை மூடிய ஷெட்டுக்குள் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும்.

சென்சாரையும் சோதித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. லைவ் டேட்டாவில் முன் சென்சாரின் வோல்டேஜை வைத்துக் கொண்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது 0.8க்கு மேல் பாய்ந்து, விட்டதும் 0.1க்குக் கீழே உடனே விழுந்தால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. மந்தமாக ஊர்ந்தால்தான் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வடமராட்சி_வாகனம்

வணக்கம் அண்ணை, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நல்ல விளக்கம். எங்கட பக்கம் ஜப்பானில் ஓடி இறக்குமதியான பழைய வாகனங்கள்தான் கூட. அதில் ஒரு சிக்கல், 16 பின் சொக்கெட் இருக்கும், ஸ்கேனர் மாட்டினால் இணைப்பு கிடைக்காது. ஸ்கேனர் பழுது என்று நினைத்து ஆட்கள் இரண்டாவது, மூன்றாவது வாங்குகிறார்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய வாகனங்கள் பலவற்றில் சொக்கெட் ஒன்றுதான், பேசும் முறை வேறு. அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் வாகனத்துக்கு 2001இல் இருந்தும் பொது முறை கட்டாயமானது, ஜப்பானில் அதே மாதிரி இருக்கவில்லை.

பழைய டொயோட்டா என்றால் ஸ்கேனர் இல்லாமலே பார்க்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவி ஓஃப் நிலையில் 13ஆம் பின்னையும் 4ஆம் பின்னையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டு, பிறகு சாவியை ஓன் செய்தால் செக் இன்ஜின் லைட் சிமிட்டிக் காட்டும். இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோடு இல்லை. இரண்டு சிமிட்டி, ஒரு இடைவெளி, பிறகு ஐந்து சிமிட்டினால் 25, அதுவும் லீன் கலவைதான். 26 என்றால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். 16ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும், தவறி அதைத் தொட்டால் ஃபியூஸ் போகும், பின் எண்ணை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுச் செய்யுங்கோ.

ஸ்பேனர்14

நல்ல தகவல் தம்பி. நம் பக்கத்திலும் பழைய வண்டி வாங்குபவர்கள் ஆண்டைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் பிஎஸ்4 (புகை அளவு விதி) வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 வந்தது, வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துக் கோடு போடும் முறைதான் ஓபிடி. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் கன்வர்ட்டருக்குப் பின்னால் சென்சாரே இருக்காது, ஆகவே பி0420 என்ற கோடே வர வழியில்லை. கோடு வரவில்லை என்பதால் கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

திண்டுக்கல்_ஓட்டி

அண்ணா, கண்டுபிடித்தாயிற்று! ஹீட் ஷீல்டைக் கழற்றியதும் நாலாவது சிலிண்டர் பக்கத்தில் கரிக்கோடு பளிச்சென்று தெரிந்தது. கடைசி ஸ்டட் ஒடிந்து, நட்டு இருந்த இடம் காலியாக இருந்தது, கேஸ்கெட் அந்த மூலையில் ஊதியிருக்கிறது. சென்சாரையும் நீங்கள் சொன்னபடி பார்த்தேன், அழுத்தினால் 0.85, விட்டால் 0.05, உடனுக்குடன் மாறுகிறது.

வேறொரு பட்டறையில் கொடுத்தேன். ஒடிந்த ஸ்டட்டை லேத் வேலை தெரிந்தவரை வைத்து எடுத்து, புது ஸ்டட், புது கேஸ்கெட் போட்டு, மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தே மாட்டினார்கள். சென்சார் விலையில் பாதி கூட ஆகவில்லை. காலைச் சத்தம் நின்றுவிட்டது. பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டி, கோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓட்டினேன். ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம் இப்போது +3. முன்பு பின் சென்சார் நடுநடுவே ஆடிக் கொண்டிருந்தது, இப்போது 0.65 பக்கம் அசையாமல் நிற்கிறது.

இரண்டு சந்தேகம். பி0420 திரும்ப வராது என்று எப்போது நிம்மதியாக இருக்கலாம்? அப்புறம், வாங்கும்போது லைட் எரியவே இல்லையே, விற்றவர் அழித்திருப்பாரா, அதை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்?

ஸ்பேனர்14

மிக்க மகிழ்ச்சி தம்பி. பின் சென்சார் 0.65இல் அசையாமல் நிற்பது கன்வர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். முன் சென்சார் மேலும் கீழும் ஆட வேண்டும், பின் சென்சார் ஆடக் கூடாது. பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால்தான் கன்வர்ட்டர் காலி.

கோடை அழித்ததும் கம்ப்யூட்டர் தன் சோதனைகளின் முடிவையும் மறந்துவிடும். ஆப்பில் ரெடினெஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் கேட்டலிஸ்ட் என்ற வரி "முடியவில்லை" என்று இருக்கும் வரை லைட் எரியாததற்கு எந்த அர்த்தமும் இல்லை. காலையில் ஆறிய இன்ஜினில் கிளம்பி, ஊருக்குள் கொஞ்சம் ஓட்டி, பிறகு மதுரை நான்கு வழிச் சாலையில் 60இல் இருந்து 80க்குள் ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து நல்ல தூரம் ஓட்டுங்கள். சில நாள் இப்படி ஓட்டினால் அந்த வரி "முடிந்தது" என்று மாறும். மாறிய பிறகு பென்டிங் கோடு பக்கத்தையும் பாருங்கள், பல கோடுகள் முதல் தடவை அங்கே மட்டும் உட்கார்ந்திருக்கும், அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட்டை எரிய வைக்கும். இரண்டும் சுத்தமாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

விற்றவர்தான் அழித்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள், பேட்டரி வயரைக் கழற்றினாலே பல வண்டிகளில் அழிந்துவிடும். எப்படி இருந்தாலும் வாங்கும் முன் ஸ்கேனரை மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும். மானிட்டர் பல முடியாமல் இருக்கும், கோடு அழித்த பின் ஓடிய தூரம் என்று ஒரு அளவும் வரும், 90,000 ஓடிய வண்டியில் அது 40, 50 கிலோமீட்டர் என்று காட்டினால் அன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள், மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். சாவியை ஓன் செய்யும்போது செக் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் மீட்டரில் அந்த லைட்டை யாரோ கழற்றியிருக்கலாம்.

ஸ்கேனரை வண்டியிலேயே மாட்டி வைத்துவிடாதீர்கள், 16ஆம் பின்னில் கரண்ட் எப்போதும் இருப்பதால் வண்டி நாட்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கும். புதுக் கேஸ்கெட் சூட்டில் அமர்ந்த பிறகு நட்டு தளரும், ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் மேனிஃபோல்டு நட்டு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.